வேலை இருக்கும் கட்டடமே நிற்கும்: புதுக்கோட்டை ராஜ வீதிகளை முன்வைத்து

தமிழ்நாட்டின் பழைய ஊர்கள் பலவற்றில் கோயில்தான் நடுப்புள்ளி. தேரோடும் நான்கு வீதிகள் முதலில் வந்தன; கடைத்தெருவும் குடியிருப்பும் அவற்றை ஒட்டி வளர்ந்தன. புதுக்கோட்டை நகரின் உட்பகுதி இந்த வழக்கத்துக்குச் சற்று விலகியது. அங்கே நடுவில் இருந்தது, புதுக்கோட்டைச் சமஸ்தானத்தை ஆண்ட தொண்டைமான்களின் அரண்மனை. அதைச் சுற்றிக் கீழ, மேல, வடக்கு, தெற்கு ராஜ வீதிகள். அவற்றுக்கு இணையாக இரண்டாம் வீதி, மூன்றாம் வீதி என்று எண்ணிட்ட தெருக்கள். புதிதாக வந்தவர்கூட ஒரு முகவரியை எளிதில் கண்டுபிடித்துவிடலாம். இந்த அளவுக்கு ஒழுங்கான பழைய நகர்மையம் நம் மாவட்டத் தலைநகரங்களில் அரிது.

அந்த ஒழுங்கு ஒரு விபத்தின் விளைவு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊரைத் தீ விழுங்கியது. விஜயரகுநாதத் தொண்டைமான் (1807–1825) காலத்தில், தஞ்சாவூரில் ஆங்கிலேயரின் ரெசிடென்டாக இருந்த மேஜர் பிளாக்பர்னின் ஆலோசனையோடு, நேர்த்தெருக்களும் குறுக்குத்தெருக்களுமாக ஊர் மீண்டும் எழுப்பப்பட்டது. இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தத் தெருக்கோடுகள் மாறவில்லை. மாறியிருப்பவை அவற்றின் மேல் நிற்கும் கட்டடங்களும், அந்தத் தெருக்களுக்கு மக்கள் வரும் காரணங்களும்தான்.

பழைய நகர்மையங்களை மீட்பது குறித்து இப்போது எல்லா ஊர்களிலும் பேச்சு நடக்கிறது. பேச்சு இரண்டு வழிகளில் போகிறது. ஒன்று, பழைய கட்டடங்களைப் பழுதுபார்த்து வண்ணம் பூசுவது. மற்றது, திருவிழா நடத்திக் கூட்டத்தை வரவழைப்பது. புதுக்கோட்டையின் வரலாற்றைச் சற்று நெருங்கிப் பார்த்தால், இந்த இரண்டுமே தனித்தனியாகப் போதாது என்பது தெரியும். அன்றாட வேலை ஒன்று கையில் இருந்த கட்டடங்களே அங்கே பிழைத்திருக்கின்றன. தெரு இல்லாமல் நடக்கவே முடியாத விழாக்களே தெருவைக் காப்பாற்றியிருக்கின்றன.

விழாவே ஆட்சியாக இருந்த காலம்

சமஸ்தானத்தின் தலைமை விழா நவராத்திரி. தசரா என்றே அங்கே வழங்கியது. தொண்டைமான்களின் குலதெய்வமான திருக்கோகர்ணம் பிரகதாம்பாளின் பெயரால்தான் ஆட்சி நடந்தது. சமஸ்தானம் தனக்கென வெளியிட்ட செப்பு நாணயத்திலும் அவளே இருந்தாள். ஒருபுறம் அம்மன், மறுபுறம் தெலுங்கு எழுத்தில் ‘விஜய’ என்ற சொல். இதுதான் அம்மன் காசு. 1889 முதல் இயந்திரத்தில் அச்சடிக்கப்பட்ட இந்தச் சிறு காசு, தசரா நாட்களில் அரிசியோடு சேர்த்து எளியவர்களுக்கு வழங்கப்பட்டது. பிரிட்டிஷ் ரூபாய் எங்கும் பரவிய பிறகும் தன் காசைக் கைவிடாத மிகச் சில தென்னிந்திய அரசுகளில் புதுக்கோட்டையும் ஒன்று.

தசரா பொழுதுபோக்குக்காக நடந்ததல்ல. அதிகாரம் மக்கள் கண்முன் நிற்கும் பத்து நாட்கள் அவை. தானம், தர்பார், ஊர்வலம், கச்சேரி எல்லாம் அரண்மனையிலும் அதைச் சுற்றிய வீதிகளிலும் நடந்தன. மாமுண்டியா பிள்ளை கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு உரிய வாத்தியமாக உயர்த்தியதும், அவருடைய மாணவர் தட்சிணாமூர்த்திப் பிள்ளை மிருதங்கத்தில் ‘புதுக்கோட்டைப் பாணி’ என்று பெயர் வாங்கியதும் இந்தச் சமஸ்தானச் சூழலில்தான். வீதிகளின் அகலமும் நேரான அமைப்பும் ஊர்வலத்துக்குப் பயன்பட்டன. ஊர்வலம் வருவதால் வீதிகள் ஆண்டுதோறும் செப்பனிடப்பட்டன. நகரமைப்பும் விழாவும் ஒன்றையொன்று தாங்கிய ஏற்பாடு அது.

இந்த ஏற்பாட்டுக்கு நவீன நகராட்சியின் உடலைக் கொடுத்தவர் அ. சேஷய்ய சாஸ்திரி. திருவிதாங்கூரில் திவானாக இருந்துவிட்டு 1878இல் புதுக்கோட்டைக்கு வந்த அவர், 1894 வரை அங்கே நிர்வாகத்தை நடத்தினார். அவர் பெயரோடு இன்றும் சேர்த்துச் சொல்லப்படுபவை பொது அலுவலகக் கட்டடமும் குளங்களும். ஊருக்குள் இருந்த பல்லவன் குளம் போன்ற நீர்நிலைகளைத் தூர்வாரிச் சீர்செய்தார். குடிநீருக்காகப் புதுக்குளத்தை ஒழுங்குபடுத்தினார். கடினமான செம்மண்ணும் பாறையும் கொண்ட அந்த ஊரில், குளம் கெட்டால் தெருவும் கெடும் என்பதை அவர் அறிந்திருந்தார். மழைநீர் வாய்க்கால் தெரு ஓரமாக ஓடிக் குளத்தில் சேர வேண்டும். அது அடைபட்டால் வீட்டுச் சுவர்களின் அடியில் ஓதம் ஏறும். நகர்மையத்தைப் பாதுகாப்பது என்றால் முதலில் வாய்க்காலைப் பாதுகாப்பது என்ற இந்தப் பாடத்தை நாம் பெரும்பாலும் மறந்துவிட்டோம்.

எது நின்றது, எது சரிந்தது

1948 மார்ச் 3ஆம் நாள் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் ஒரு பகுதியானது. ஒரு தலைநகரம் ஒரே நாளில் கோட்டத் தலைமையிடமாகச் சுருங்கியது. தர்பார் இல்லை, சமஸ்தானச் செலவில் தசரா இல்லை. வீதிகள் எதற்காக வகுக்கப்பட்டனவோ அந்தக் காரணம் போய்விட்டது. 1974 ஜனவரி 14 அன்று தனி மாவட்டம் பிறந்தபோது ஊருக்குத் தலைமையிடத் தகுதி திரும்பியது. ஆனால் ஆட்சியர் அலுவலகம் அமைந்தது பழைய நகர்மையத்துக்கு வெளியே, கடைசி மன்னர் ராஜகோபாலத் தொண்டைமானின் புதிய அரண்மனையில்.

பாதுகாப்பு என்ற கோணத்தில் அந்த முடிவு நல்ல முடிவே. இந்தோ-சாரசனிக் பாணியில் கட்டப்பட்ட அந்த மாளிகைக்கு அரை நூற்றாண்டாக அன்றாட வேலை இருக்கிறது. மனு கொடுக்க வருபவர்களும் கோப்புகளும் கூட்டங்களும் அதைக் காலியாக இருக்கவிடவில்லை. ஓடு உடைந்தால் மாற்ற ஆள் உண்டு. கூரை ஒழுகினால் முறையிட அதிகாரி உண்டு. சேஷய்ய சாஸ்திரி காலப் பொது அலுவலக வளாகத்துக்கும் இதே நல்வாய்ப்பு அமைந்தது. 1910இல் தொடங்கிய அருங்காட்சியகம் திருக்கோகர்ணத்தில் இன்றும் இயங்குகிறது. முத்துலட்சுமி ரெட்டி படித்த மன்னர் கல்லூரி, மாமன்னர் கல்லூரி என்ற பெயரில் இன்றும் வகுப்பு நடத்துகிறது. இவற்றில் பலவற்றை நிற்க வைத்தது தொல்லியல் சட்டத்தைவிட அன்றாடத் தேவை.

மறுபக்கத்தில் ராஜ வீதிகளின் சாதாரண வீடுகள். அவற்றின் பின்னால் அரசும் இல்லை, கல்லூரியும் இல்லை. திண்ணையும் தாழ்வாரமும் நடுவில் முற்றமும் கட்டைக்குத்துத் தளமும் கொண்ட வீடு, கடைத்தெரு நெருங்கி வர வர ஒரு சுமையாகிறது. முன்பகுதியை இடித்து ஷட்டர் போட்டால் மாத வாடகை கிடைக்கும். பின்பகுதியைப் பராமரிக்க அந்த வாடகை போதாது. அடுத்த தலைமுறை முழுவதையும் இடித்து அடுக்குக் கட்டடம் எழுப்புகிறது. இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. கணக்கு அப்படித்தான் வருகிறது. கணக்கை மாற்றாமல் பழைமையின் அருமையை மட்டும் பேசினால் வீட்டுக்காரர் காதில் ஏறாது.

சட்டமும் இந்த வீடுகளைப் பார்ப்பதில்லை. 1958ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம், 2010 திருத்தத்துக்குப் பிறகு, பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டுமானத்தைத் தடுக்கிறது. அதற்கப்பால் 200 மீட்டரைக் கட்டுப்படுத்துகிறது. சித்தன்னவாசலுக்கும் குடுமியான்மலைக்கும் திருமயம் கோட்டைக்கும் அந்தக் காவல் உண்டு. அதிக உயரமோ சிற்பமோ கல்வெட்டோ இல்லாத, ஆனால் வரிசையாக நிற்பதாலேயே மதிப்புப் பெறும் தெருவீடுகளுக்கு அது பொருந்தாது. அவற்றையும் கருத்தில் கொள்ளக்கூடிய தமிழ்நாடு மரபுடைமை ஆணையச் சட்டம் 2012இல் நிறைவேறியது. அது நடைமுறைக்கு வரப் பத்தாண்டுகளுக்கும் மேலானது. அந்த இடைவெளியில் எத்தனை தெருக்கள் முகம் மாறின என்பதற்குக் கணக்கெடுப்பு எதுவும் இல்லை.

பங்காளிகளின் வீடு

இதே மாவட்டத்தின் தென்பகுதியில் இன்னொரு பாடம் இருக்கிறது. செட்டிநாடு என்றதும் காரைக்குடியும் கானாடுகாத்தானும் நினைவுக்கு வருகின்றன. அவை சிவகங்கை மாவட்டம். ஆனால் ராயவரம், கடியாபட்டி, அரிமளம், நச்சாந்துபட்டி, குழிபிறை, வலையபட்டி போன்ற நகரத்தார் ஊர்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் இருப்பவை. பர்மாவிலும் மலாயாவிலும் சிலோனிலும் வட்டித் தொழிலில் சேர்ந்த செல்வம் இங்கே பர்மாத் தேக்காகவும் இத்தாலிப் பளிங்காகவும் வந்திறங்கியது. இரண்டாம் உலகப் போரில் பர்மாவின் வாசல் மூடியதும் பணவரவு நின்றது. வீடுகள் மட்டும் நின்றன.

ஒரு வீட்டுக்கு இன்று பல பங்காளிகள். சிலர் சென்னையில், சிலர் சிங்கப்பூரில், சிலர் அமெரிக்காவில். முன்னோருக்கான படைப்புக்கும் திருமணத்துக்கும் வீடு திறக்கும். மற்ற நாட்களில் பூட்டு. பங்கு பிரிப்பது கடினமானபோது, தூணும் கதவும் நிலையும் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்குப் போகின்றன. 2014இல் ‘தமிழ் வணிகர்களின் ஊர்த்தொகுதி’ என்ற பொருளில் செட்டிநாடு யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றது. பட்டியலில் பெயர் வந்ததால் எந்தப் பூட்டும் திறந்துவிடவில்லை. கடியாபட்டியில் சிதம்பர விலாஸ் விடுதியாக மாறியபோதுதான், அந்த ஒரு வீட்டில் தச்சருக்கும் கொத்தனாருக்கும் சமையல்காரருக்கும் மறுபடி வேலை வந்தது.

இந்த வழியும் முழுத் தீர்வாகாது. எல்லா வீடும் விடுதியாக முடியாது. விடுதி ஆன வீடு ஊர்க்காரருக்கு அந்நியமாவதும் உண்டு. இருந்தாலும் ஒன்று தெளிவு. ஒவ்வொரு ஆண்டும் சுண்ணாம்படிக்கும் செலவுக்குத் தன்னாலேயே ஒரு வருமானம் வராத பெரிய வீடு, உறவின் பாசத்தை மட்டும் நம்பி இரண்டு தலைமுறைக்கு மேல் நிற்பதில்லை.

வெளியூர்ப் பாடங்கள்

அமெரிக்காவில் 1950களுக்குப் பிறகு நெடுஞ்சாலை ஓரப் பேரங்காடிகள் வந்தபோது சிறு நகரங்களின் கடைத்தெருக்கள் காலியாயின. 1977இல் அங்குள்ள வரலாற்றுப் பாதுகாப்புக்கான தேசிய அறக்கட்டளை மூன்று சிறு நகரங்களில் ஒரு சோதனையைத் தொடங்கியது. 1980 முதல் அது ‘மெயின் ஸ்ட்ரீட்’ என்ற நாடளாவிய திட்டமானது. அதன் அணுகுமுறை நான்கு கால்களில் நின்றது: கடைக்காரரும் வீட்டுக்காரரும் சேர்ந்த அமைப்பு, தெருவை மக்களுக்கு நினைவூட்டும் நிகழ்ச்சிகள், கட்டடங்களின் தோற்றம், வணிகத்தின் கணக்கு. நான்கையும் ஒரே சமயத்தில் நடத்த முழுநேர மேலாளர் ஒருவர் இருந்தார் என்பதே அதன் மிக முக்கியமான கூறு. திருவிழா நடத்துபவர் ஒருவர், பழுதுபார்ப்பவர் வேறொருவர், உரிமம் கொடுப்பவர் மூன்றாமவர் என்றால் அந்தக் கால்கள் ஒன்றோடொன்று பேசாது.

மும்பையின் காலா கோடா பகுதியில் 1998இல் ஒரு சங்கம் அமைந்தது. அடுத்த ஆண்டு முதல் அது கலைவிழா நடத்துகிறது. விழாவில் திரளும் பணம் அந்தப் பகுதியின் நடைபாதைக்கும் கட்டடப் பழுதுக்கும் போக வேண்டும் என்பதே சங்கத்தின் அடிப்படை. விழா முடிந்ததும் பந்தலைப் பிரித்துக்கொண்டு போய்விடும் நம் வழக்கத்துக்கு நேரெதிரான ஏற்பாடு இது.

புதுச்சேரியின் தமிழ்ப் பகுதியில் உள்ள வைசியாள் வீதிப் பணிதான் நம் சூழலுக்கு மிக நெருக்கமானது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தின் கீழ் மரபுப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக்கும் உள்ளூர் நிர்வாகமும் சேர்ந்து, ஒரே தெருவின் வீட்டு முகப்புகளைத் தாழ்வாரமும் திண்ணையுமாக மீட்டன. 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது அதற்குக் கிடைத்தது. அதே புதுச்சேரியில்தான், புதுப்பிப்புக்குக் காத்திருந்த பழைய நகர்மன்றக் கட்டடமான மேரி, 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பின்னர் பழைய வடிவிலேயே புதிதாகக் கட்டப்பட்டு 2021இல் திறக்கப்பட்டது. குடியிருப்போர் இருந்த சிறு வீடுகள் பிழைத்த ஊரில், காத்திருந்த பெரிய மாளிகை விழுந்தது.

பினாங்கின் ஜார்ஜ் டவுன் ஓர் எச்சரிக்கை. புதுக்கோட்டைச் சீமை நகரத்தாரும் கடை வைத்து வாழ்ந்த ஊர் அது. தைப்பூசத்துக்கு வெள்ளித் தேர் இன்றும் பினாங்கு வீதியிலிருந்து புறப்படுகிறது. 2000இல் வாடகைக் கட்டுப்பாடு நீங்கியதும் பழைய குடியிருப்போர் வெளியேறத் தொடங்கினர். 2008இல் உலக மரபுத் தகுதியும் 2010 முதல் கலைவிழாவும் வந்தபின் கட்டடங்கள் பளபளத்தன, வாடகை ஏறியது, சிறு தொழிலாளர்கள் இருந்த இடத்தில் விடுதிகளும் காபிக் கடைகளும் வந்தன. கட்டடத்தைக் காத்து மனிதரை இழந்தால் நகர்மையம் மீண்டதாகாது என்பதை அந்த ஊர் உலகுக்குக் காட்டியது.

கூட்டம் ஏற்கெனவே இருக்கிறது

புதுக்கோட்டைக்குப் புதிய விழா எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. மாசி பங்குனியில் திருவப்பூர் முத்துமாரியம்மன் கோயில் பூச்சொரிதலுக்கு ஊரின் பல பகுதிகளிலிருந்தும் பூத்தட்டு ஊர்வலம் கிளம்புகிறது. கம்பன் கழகத்தின் விழா ஆண்டுதோறும் நகர்மன்றத்தை நிரப்புகிறது. 2016 முதல் நடக்கும் புத்தகத் திருவிழா, மாவட்ட நிர்வாகமும் தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் கைகோத்து நடத்துவது. பள்ளிப் பிள்ளைகளைப் பேருந்து பேருந்தாக அழைத்துவரும் விழா அது. ஞானாலயா போன்ற தனியார் ஆய்வு நூலகம் வளர்ந்த ஊரில் புத்தகத்துக்குக் கூட்டம் சேர்வதில் வியப்பில்லை. நவராத்திரியின் நினைவும் முழுக்க மறையவில்லை; வீட்டுக் கொலுக்களில் அது இருக்கிறது.

குறை எங்கே என்றால், இந்தக் கூட்டத்துக்கும் ராஜ வீதிகளுக்கும் இடையே கணக்கு எதுவும் இல்லை. புத்தகத் திருவிழா அண்மை ஆண்டுகளில் மாமன்னர் கல்லூரி மைதானத்தில் நடந்திருக்கிறது. இடவசதிக்கு அது சரி. ஆனால் பத்து நாள் கூட்டத்தால் கீழ ராஜ வீதியின் ஒரு திண்ணைகூடப் பயன்பெறுவதில்லை. ஊர்வலம் வீதிவழியே போகிறது. போன மறுநாள் வீதியின் பொறுப்பு யாரிடமும் இல்லை.

பொறுப்பு இல்லாத விழா ஆபத்தானதும்கூட. 2022 ஜூலை 31 அன்று ஆடிப்பூரத் தேரோட்டத்தில் திருக்கோகர்ணம் பிரகதாம்பாள் தேர் சாய்ந்து பக்தர்கள் காயமடைந்தனர். தேர் ஒரு பழைய கட்டடத்தைப் போன்றது: தச்சர், சக்கரம், முட்டுக்கட்டை போடும் கை, ஓடும் பாதை எல்லாம் ஆண்டு முழுவதும் கவனிக்கப்பட்டால்தான் ஒரு நாள் பாதுகாப்பாக ஓடும். இதே மாவட்டத்தில் ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு வழக்கமாகத் தச்சங்குறிச்சியில் நடக்கிறது. வாடிவாசல், பார்வையாளர் மாடம், மருத்துவக் குழு, காளைப் பரிசோதனை என ஒவ்வொன்றையும் அதிகாரிகள் முன்கூட்டியே பார்த்து அனுமதிக்கிறார்கள். ஒரு கிராமத்து மைதானத்துக்குக் கிடைக்கும் இந்த முன்தயாரிப்பு, நகரின் பழைய வீதிகளுக்கும் அவற்றில் ஓடும் தேருக்கும் கிடைக்காமல் இருக்கக் காரணமில்லை.

எங்கிருந்து தொடங்குவது

புதுக்கோட்டை 1912இல் நகராட்சியானது, 2024இல் மாநகராட்சியானது. தகுதி உயரும்போது நில மதிப்பும் உயரும். இடிப்பதற்கான தூண்டுதலும் சேர்ந்தே உயரும். ஆகவே முடிவெடுக்க வேண்டிய காலம் இது.

முதல் வேலை கணக்கெடுப்பு. நான்கு ராஜ வீதிகளிலும் அவற்றின் இணைத்தெருக்களிலும் எந்த வீடு எந்த நிலையில் இருக்கிறது, யாருடையது, எதற்குப் பயன்படுகிறது என்ற பதிவு. ஊரிலேயே கல்லூரி இருக்கிறது, அருங்காட்சியகம் இருக்கிறது. 1929இலேயே தன் எல்லைக்குள் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளைத் திரட்டிப் பதிப்பித்த சமஸ்தானம் இது. அந்த மரபுள்ள ஊருக்கு ஒரு தெருப்பதிவேடு பெரிய வேலையல்ல.

இரண்டாவது, பழுதுபார்ப்பின் தொழில்நுட்பம். சுண்ணாம்புக் காரையில் எழுந்த சுவருக்குச் சிமென்ட் பூச்சு பகை. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். சிமென்ட் அதை உள்ளே அடைத்துவிடும். சில ஆண்டுகளில் பூச்சு உப்பி உதிர, வீடு பழுது என்ற பெயரில் இடிக்கப்படும். கடுக்காயும் வெல்லமும் சேர்த்துச் சாந்து அரைக்கத் தெரிந்த கொத்தனார்கள் செட்டிநாட்டுப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். மாநகராட்சி தன் பழைய கட்டடங்களுக்கு அவர்களையே ஒப்பந்தத்தில் அழைத்து, இளையவர்களைக் கூட வைத்துப் பழக்கினால், தனியார் வீட்டுக்காரருக்கும் ஆள் கிடைக்கும், செலவும் குறையும்.

மூன்றாவது, வீட்டுக்காரரின் கணக்கு. முகப்பையும் திண்ணையையும் காப்பவருக்குச் சொத்து வரியில் சலுகை, பழுதுச் செலவில் பங்கு, இடிக்காமல் விடும் பரப்புக்கு வேறிடத்தில் கட்டும் உரிமை போன்றவை மற்ற ஊர்களில் கையாளப்பட்ட வழிகள். இவற்றோடு தெருவோர வியாபாரிகளுக்கு 2014 சட்டம் தரும் பாதுகாப்பும் சேர வேண்டும். பழைய கடைத்தெருவின் உயிர் பூக்கடையிலும் வளையல் கடையிலும் இருக்கிறது. அழகுபடுத்தும் பெயரில் அவர்களை அகற்றினால் ஜார்ஜ் டவுனின் தவற்றை நாம் சிறிய அளவில் செய்தவர்களாவோம்.

நான்காவதே விழா. அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு: வீதியைப் பயன்படுத்தும் ஒவ்வொரு நிகழ்ச்சியும் தன் வசூலில் ஒரு பங்கை அந்த வீதியின் பராமரிப்பு நிதியில் செலுத்த வேண்டும், நிதியை வீதியில் குடியிருப்போரும் கடைக்காரரும் சேர்ந்த குழு நிர்வகிக்க வேண்டும். புத்தகத் திருவிழாவின் மாலை உரைகளில் ஒன்றிரண்டைத் திலகர் திடலுக்கும், நவராத்திரியில் கஞ்சிரா, மிருதங்கக் கச்சேரிகளைச் சாந்தநாதசுவாமி கோயில் பக்கமும் கொண்டுவரலாம். அந்த நாட்களில் கீழ ராஜ வீதியில் மாலையில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திவைத்தால் வியாபாரம் கெடும் என்று முதலில் எதிர்ப்பு வரும். அதனால்தான் விழாவை முதலில் வைக்காமல் நான்காவதாக வைக்க வேண்டும். கடைக்காரர் குழுவில் இருந்து, நிதியின் கணக்கைத் தன் கண்ணால் பார்த்த பிறகே, தெருவை ஒரு மாலைக்கு விட்டுக்கொடுப்பார்.

இவை எல்லாவற்றையும் இணைக்க ஒரு மேலாளர் தேவை. மாநகராட்சி ஆணையருக்கு நேரடியாகப் பதில் சொல்லும், நகர்மையத்துக்கு மட்டுமேயான ஒரு முழுநேரப் பணியிடம். சேஷய்ய சாஸ்திரிக்குக் குளமும் வாய்க்காலும் அலுவலகமும் ஊர்வலமும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இருந்தன. இன்று அவை நீர்வளத்துறை, மாநகராட்சி, பொதுப்பணித்துறை, இந்து சமய அறநிலையத்துறை, காவல்துறை என்று பிரிந்து கிடக்கின்றன. சமஸ்தான ஆட்சிக்குத் திரும்ப யாரும் விரும்பமாட்டார்கள். ஆனால் அந்தக் காலத்தில் ஒருவரிடம் இருந்த ஒருங்கிணைப்பை மக்களாட்சியின் வழியில் உருவாக்க முடியும். புதிய மாநகராட்சி தன் முதல் நிதிநிலை அறிக்கைகளில் ஒன்றில் இந்த ஒரு பணியிடத்தையும் தெருப்பதிவேட்டுக்கான தொகையையும் சேர்த்தால், அடுத்த பத்தாண்டில் ராஜ வீதிகளில் எது நிற்கும், எது விழும் என்பதைத் தற்செயல் முடிவுசெய்யாது, ஊரே முடிவுசெய்யும்.